தோட்டத்துப் பிள்ளையும் விளையாட்டுப் பொருளும்



சிறு குழந்தைக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுப்பது என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. ஈப்போ நகரத்துக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் வண்ண வண்ணப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். "அறிவை வளர்க்கும்" என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கிறது. விலையைப் பார்த்தால் சில வேளைகளில் ஒரு நாள் கூலியே போய்விடும் போலிருக்கிறது. எதை வாங்குவது, எதை விடுவது? இதற்கு விடை காண நாம் இன்று கொஞ்சம் பின்னோக்கிப் போகப் போகிறோம். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள்? அதே காலத்தில் உலகின் வேறு பகுதிகளில் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன கொடுத்தார்கள்? இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கடையில் நாம் எதைத் தேட வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

ரப்பரின் கதை பேராக்கோடு நெருங்கிய தொடர்புடையது. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு வந்தார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் சர் ஹியூ லோ. அந்தப் பழைய மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. காடுகளை அழித்துத் தோட்டங்கள் போட்டார்கள். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர்கள் வந்தார்கள்.

முன்னோர்கள் வந்தார்கள் என்றால், பிள்ளைகளும் வந்தார்கள், பிறந்தார்கள் என்றுதானே பொருள்? அந்தப் பிள்ளைகளைப் பற்றி அக்காலத்துச் சட்டம் என்ன சொன்னது? 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கச் சொல்ல வழி செய்தது. 1923இல் வந்த சட்டம் பள்ளி வயது என்பதை 7 முதல் 14 வரை என்று கணக்கிட்டது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பல இப்படித்தான் எழுந்தன. இந்த நன்மையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணக்கு ஏழு வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஏழு ஆண்டுகள் பிள்ளை என்ன செய்தது, அதன் கைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர் எவருமில்லை.

அந்த ஆண்டுகளைப் பிள்ளைகள் கழித்த இடம் ஆயாக் கொட்டகை. இருள் பிரியும் முன்னரே தாயும் தகப்பனும் பெரட்டுக்குப் போக வேண்டும். பிறகு மரத்துக்குப் போக வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் துணித் தொட்டில்கள். பார்த்துக்கொள்ள வயதான ஆயா ஒருவர். அழும் பிள்ளையை ஆட்டுவார், பால் கொடுப்பார், கழுவி விடுவார். பத்து இருபது பிள்ளைகளுக்கு இரண்டு கைகள்! அந்த மூதாட்டிகளின் பொறுமையினால் வளர்ந்த தலைமுறைகள் பல. எனினும், கொட்டகையின் நோக்கம் பிள்ளையைப் பத்திரமாக வைத்திருப்பது. தாய் வேலைக்குப் போக வேண்டும் என்பது. பிள்ளை கற்க வேண்டும் என்பது அந்த நோக்கத்தில் சேரவில்லை. கொட்டகைக்குப் போகாத குழந்தையை அதன் அக்காள் இடுப்பில் சுமந்தாள். அதனால் அந்த அக்காளின் படிப்பும் பல வீடுகளில் நின்று போயிற்று.

இப்போது நாம் கடல் கடந்து இத்தாலி நாட்டின் ரோமாபுரிக்குப் போவோம். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்கலாம். அங்கும் இதே நிலைமைதான் இருந்தது. சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுவதும் சிறு பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினார்கள். கட்டடத்தை நிர்வகித்தவர்கள் பிள்ளைகளை ஓரிடத்தில் அடக்கி வைத்தால் போதும் என்று நினைத்து, மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் ஆசிரியர் பயிற்சி பெறாத சாதாரணப் பெண்தான். சொல்லப்போனால், அதுவும் ஓர் ஆயாக் கொட்டகையாகத்தான் தொடங்கியது.

ஆனால் மாண்டிசோரி அம்மையார் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளின் கைக்கு ஏற்ற பொருள்களைக் கொடுத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார். ஒரு மரக்கட்டையில் பல அளவுகளில் குழிகள். ஒவ்வொரு குழியிலும் சரியாகப் பொருந்தும் ஒரு மர உருளை. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அந்த உருளைகளை எடுப்பதும் மறுபடி பொருத்துவதுமாக இருந்தாள். நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாட்டுப் பாட வைத்தும் அவள் கவனம் கலையவில்லை. அந்த இல்லத்தில் நல்ல பொம்மைகளும் இருந்தன. ஆனால் பிள்ளைகள் அவற்றை அதிகம் நாடவில்லை. தங்கள் கையால் ஏதாவது செய்து பார்க்கக்கூடிய பொருள்களையே தேடிப் போனார்கள்.

இந்த எண்ணம் அவருக்கும் முந்தியது. 1693இல் ஜான் லாக் என்ற ஆங்கில அறிஞர், எழுத்துகள் ஒட்டிய தாயக்கட்டைகளை உருட்டியே பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்று எழுதினார். ஜெர்மனியில் ஃபுரோபெல் என்பவர் 1837இல் சிறு பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் "குழந்தைகள் தோட்டம்" என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை வைத்தார். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த முதல் பொருள் என்ன தெரியுமா? கம்பளி நூலால் செய்த ஆறு வண்ணப் பந்துகள். அடுத்தது மரத்தால் செய்த உருண்டை, உருளை, கனசதுரம். உலகப் புகழ் பெற்ற கல்விப் பொருள்கள் இவ்வளவு எளிமையானவை!

மாண்டிசோரி அம்மையார் தமிழ் மண்ணுக்கும் வந்தார். 1939இல் சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்த வந்தவர், போர் மூண்டு இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. ஆனாலும் அவருடைய சாமான்கள் விலை உயர்ந்தவை. ஏழைக் குடியிருப்புகளுக்கு எட்டாதவை. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் தாராபாய் மோடக் என்ற அம்மையார். 1945இல் மராட்டிய நாட்டின் கடற்கரையில் போர்டி என்ற கிராமத்தில் அவர் சிறு பிள்ளைகளுக்கான பால்வாடியைத் தொடங்கினார். அவருடைய துணை அனுதாய் வாக். கூலி வேலைக்குப் போகும் பழங்குடி மக்களின் பிள்ளைகளைத் தேடி அவர்கள் குடிசை முற்றத்துக்கே போனார்கள். இலை, விதை, கூழாங்கல், கிளிஞ்சல் ஆகியவையே அங்கே கல்விச் சாமான்கள். கடைச் சாமானின் வேலையைக் காட்டுச் சாமானும் செய்யும் என்று அவர்கள் நடத்திக் காட்டினார்கள்.

இனி நம் தோட்டத்துக்குத் திரும்புவோம். இலையும் விதையும் நம் பிள்ளைகளிடம் இல்லையா? வெயில் காலத்தில் ரப்பர்க் காய் படாரென்று வெடித்து, வழவழப்பான, புள்ளி போட்ட கொட்டைகள் மரத்தடியில் சிதறும். பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமுக்கி, எது உடையாமல் நிற்கிறது என்று போட்டி போட்டார்கள். வெல்லும் கொட்டையைத் தேர்ந்தெடுக்க அதன் பருமனையும் ஓட்டின் உறுதியையும் விரலால் அறிய வேண்டும். சிமெந்துத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்துச் சிரித்தார்கள். உராய்ந்தால் சூடு பிறக்கும் என்ற பாடம் புத்தகத்துக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்தார்கள். பால் டின்னில் கயிறு கட்டி அதன்மேல் ஏறி நடந்தார்கள். பழைய சிலிப்பரை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கினார்கள்.

வீட்டு வாசலில் பல்லாங்குழி இருந்தது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து, ஆறு என்று புளியங்கொட்டை. எண்ணவும், பிரித்துப் போடவும், எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே நினைக்கவும் அது பழக்கியது. நம் மலாய் அண்டை வீட்டார் சொங்காக் என்று ஏறக்குறைய இதே விளையாட்டை ஆடினார்கள். நாம் அஞ்சாங்கல் என்றதை அவர்கள் பத்து செரம்பான் என்றார்கள். மொழி வேறாக இருந்தாலும் பிள்ளைகள் ஒருவர் விளையாட்டை மற்றவர் உடனே புரிந்துகொண்டார்கள்.

இவை நேற்று வந்தவையல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், ஆண் குழந்தை சிறுபறை கொட்டுவதையும் சிறுதேர் உருட்டுவதையும் தனித்தனிப் பருவங்களாகவே வகுத்தார்கள். பெண் குழந்தைக்கு அம்மானையையும் கழங்கையும் வைத்தார்கள். பட்டினப்பாலை என்ற பழைய நூலில் மூன்று கால் சிறுதேரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. மதுரைக்கு அருகே கீழடி அகழாய்வில் சுடுமண் வட்டுகளும் தாயக்கட்டையும் கிடைத்துள்ளன. பிள்ளை விளையாட வேண்டும் என்பதை நம்மவர்கள் எவரிடமிருந்தும் கற்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் நமக்குக் குறைந்தது என்ன? மூன்று குறைகளைச் சொல்லலாம். முதலாவது, நாம் சொன்ன விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஆறு, ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு உரியவை. இரண்டு மூன்று வயதுக் குழந்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது, ஆபத்து. பச்சை ரப்பர்க் கொட்டைக்குள் உடலில் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் இருக்கிறது. அதைத் தின்னக் கூடாது. குன்றிமணியைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. களைக்கொல்லி மருந்து இருந்த போத்தலை எத்தனை முறை கழுவினாலும் அது விளையாட்டுப் பொருளாகாது. மூன்றாவது குறைதான் மிகப் பெரியது. விடியற்காலையில் போய் வெயில் ஏறித் திரும்பும் தாய்க்குக் குழந்தையோடு உட்கார்ந்து பேச நேரமில்லை, உடம்பில் வலுவுமில்லை. அது அந்தத் தாயின் குற்றமன்று. வேலை அப்படி அமைந்திருந்தது.

அந்த வாழ்க்கையும் பிறகு மாறியது. 1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. நம் குடும்பங்கள் பல ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா போன்ற நகரங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன. சட்டமும் மெல்ல நகர்ந்தது. 1984இல் குழந்தை பராமரிப்பு நிலையங்களுக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையில் சேர்த்தது. ஏழு வயதில் தொடங்கிய கணக்கு கீழே இறங்கி வர முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ஆனால் லயத்து வாசலும், மரத்தடியும், பத்துப் பிள்ளைகள் சேர்ந்த கூட்டமும் போய்விட்டன. அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் குழந்தையின் கையில் இப்போது கைப்பேசி இருக்கிறது.

இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவோம். ஒரு வயது முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைக்குத் தள்ள, இழுக்க, போட, எடுக்கத் தக்க பொருள்கள் வேண்டும். துணிப்பந்து, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், மூடி போட்ட டின், பெரிய மரக்கட்டைகள் போதும். சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் நான்கைந்தைக் கொடுத்துப் பாருங்கள். ரோமாபுரிச் சிறுமி செய்ததையே உங்கள் குழந்தையும் செய்யும். நிற்கப் பழகும் பிள்ளைக்கு நம் பழைய நடைவண்டி நல்லது. அது தன் காலில் நின்று தள்ளும் வண்டி. பிள்ளையை உள்ளே உட்கார வைத்துச் சக்கரத்தில் ஓட விடும் வாக்கரை வாங்காதீர்கள். படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா நாடு 2004இல் அதைத் தடை செய்துவிட்டது.

மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளை பாவனை செய்யும் வயதில் இருக்கிறது. சொப்புச் சாமான், மரப்பாச்சி, களிமண், வண்ணப் பென்சில், துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டு, பெரிய மணி கோக்கும் நூல் ஆகியவை ஏற்றவை. சொப்பு பெண் பிள்ளைக்கு, வண்டி ஆண் பிள்ளைக்கு என்று பிரிக்க வேண்டாம். இரண்டும் இருவருக்கும் வேண்டும். ஐந்து வயதானதும் பல்லாங்குழியை இறக்குங்கள். முதலாம் வகுப்புக்குப் போகும் முன்பே இருபது வரை எண்ணுவது விரலுக்கு வந்துவிடும். பென்சில் பிடிக்கும் விரலுக்கு உறுதி கொடுப்பதும் இப்படிப்பட்ட சிறு வேலைகள்தாம்.

பாதுகாப்புக்குச் சில எளிய சோதனைகள் உண்டு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம், அதன் வாய்க்குள் போகும் அளவுள்ள எதையும் கொடுக்கக் கூடாது. சோதனைச் சாலைகளில் ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழலை வைத்துப் பார்க்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கக்கூடியது. கோலிக்குண்டு, புளியங்கொட்டை, ரப்பர்க் கொட்டை யாவும் அதற்குள் அடங்கும். நம் கைகள் வெட்டிய பாலிலிருந்து உலகத்துக்கே பலூன் போயிற்று. ஆனால் ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் குழந்தையின் மூச்சை அடைத்துவிடும். சட்டைப் பொத்தான் போன்ற சிறு பேட்டரி உள்ள சாமானில், அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மலேசியாவில் விளையாட்டுப் பொருள் பாதுகாப்புக்கென்று 2009ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. பெட்டியில் எம்சி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பெற்றோருக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. பகட்டான மின்சாமான்களைவிட, பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து விளையாடத் தூண்டும் எளிய பொருள்களே சிறந்தவை என்பது அதன் சாரம். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம், ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை தேவையில்லை என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. தானே பாடி, தானே ஆடும் பொம்மைக்கு முன்னால் பிள்ளைக்கு வேலை இல்லை. கடையில் நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சாமானை வைத்து என் பிள்ளை என்ன செய்யும்? ஒரு பொத்தானை அழுத்தும் என்பதைத் தவிர வேறு விடை வராவிட்டால், அதை அங்கேயே வைத்துவிடலாம்.

நேயர்களே, நம் முன்னோர்களுக்கு இல்லாதிருந்தது விளையாட்டுப் பொருள் அல்ல. பிள்ளையோடு உட்காரும் நேரம். இன்றும் அது எளிதில் கிடைப்பதில்லை. வேலை முறைகளும் கூடுதல் நேர வேலையும் நம்மை விடுவதில்லை. என்றாலும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, நான்கு கிண்ணங்களோடு தரையில் உட்காருங்கள். "பெரியது எது, சிறியது எது, எதற்குள் எது போகும்?" என்று நம் தமிழில் கேளுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் பல்லாங்குழியை அவரிடம் ஒப்படையுங்கள். தோட்டத்துக் கதையும் கூடவே வரும். ஆறு வயது வரை அப்படி வளர்ந்த பிள்ளை, பள்ளிக்கூட வாசலில் கையைக் கட்டிக்கொண்டு மிரண்டு நிற்காது.